விஞ்ஞானக் கல்வியின் வாயில்கள்

ஒரு நாட்டின் பல்கலைக்கழகத்தை அதன் மாடமாளிகைகளைக் கொண்டோ, பட்டமளிப்பு விழாவின் சிறப்பைக் கொண்டோ மதிப்பிடுவது பொருந்தாது. அதன் ஆய்வுகூடத்திலே குழாய் ஏந்தி நிற்கும் மாணவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊரிலிருந்து வந்தவன், வருவதற்கு அவன் எத்தனை வாயில்களைக் கடந்தான் என்று கேட்பதே சரியான அளவுகோலாகும். இலங்கையின் விஞ்ஞானக் கல்வி வரலாற்றை இக்கேள்வியோடு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒரு வாயில் திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும், அதற்கு அப்பால் மூடிக்கிடந்த இன்னொரு வாயில் கண்ணுக்குத் தென்பட்டது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே இவ்வாயில் ஊசியின் காதினும் ஒடுங்கியதாக இருந்தது. 1870ஆம் ஆண்டிலே கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே, பரீட்சையில் தலைசிறந்த மாணவனை அரசாங்கச் செலவிற் பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் உபகாரச் சம்பளமும் நடைமுறைக்கு வந்தது. அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றவர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு ஒருவர் கடல் கடப்பர். ஏனையோர் கரையில் நிற்பர். ஒடுங்கிய அவ்வாயிலினூடே சென்று மீண்ட அருணாசலம் அவர்களே, 1906ஆம் ஆண்டிலே நண்பர் சிலரோடு கூடி இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவி, இந்நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் நடத்தினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தாம் பெற்ற பேறு தம்மோடு நின்றுவிடலாகாது என்பது அவர் கருத்து.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்திலே வேறொரு முயற்சி நிகழ்ந்தது. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள் மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவருக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர் 1864ஆம் ஆண்டளவிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகம் நாடிப் பிறவூர் செல்வர்; தமிழிற் பயின்றோரே கிராமத்தில் நின்று நோயாளரைப் பேணுவர் என்பது அவர் கண்ட உண்மை. அங்காதிபாதம், இரண வைத்தியம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழில் ஆக்கப்பட்டன. 1875ஆம் ஆண்டில் இரசாயன நூலொன்று 'கெமிஸ்தம்' என்னும் பெயரோடு வெளிவந்தது. அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். 1873ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பிய பின்னர் அம்முயற்சி நெடுங்காலம் தொடரவில்லை. எனினும், கற்பிக்கும் மொழி எதுவோ அதுவே கற்போர் யாவர் என்பதையும், கற்றோர் யாருக்குப் பயன்படுவர் என்பதையும் தீர்மானிக்கும் என்ற பாடம் எஞ்சி நின்றது. அப்பாடத்தை நாடு மீண்டும் கற்க நூறாண்டு சென்றது.

1921ஆம் ஆண்டிலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை. மாணவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கே தோற்றினர். கல்லூரி கொழும்பில் இருந்தது. அதற்கு மாணவரை அனுப்பும் பாடசாலைகளோ மிகச் சில. அக்காலத்திலே தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் உண்டு. பௌதிகமும் இரசாயனமும் ஆய்வுகூடத்தோடு கற்பிக்கப்பட்டது ஆங்கிலப் பாடசாலைகளில் மாத்திரமே. ஆகவே கட்டணம், ஆங்கிலம், விஞ்ஞானம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாகப் பிணைந்திருந்தன. கமக்காரன் மகன் எத்துணைக் கூரிய அறிவுடையவனாயினும், அக்கயிற்றை அறுத்து உள்ளே செல்லுதல் அரிதாயிற்று.

1942ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் ஒன்றிணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள் முதல் உபவேந்தரானார். தொடக்கத்தில் மாணவர் தொகை 904. அக்காலத்து விஞ்ஞானத் துறைகளை வளர்த்த பேராசிரியருள் இரசாயனத்திலே கந்தையா, பௌதிகத்திலே மயில்வாகனம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். கேம்பிரிட்ஜிலே டிராக் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி பயின்ற எலியேசர் அவர்கள் 1949ஆம் ஆண்டு முதற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். 1950ஆம் ஆண்டில் பொறியியற் பீடம் உருவாயிற்று. ஆசிரியர் சிறந்தோர், பட்டமும் இந்நாட்டுக்கே உரியது. ஆனால் அவர்கள்முன் அமர்ந்திருந்த மாணவர் இன்னும் ஒரு சில பாடசாலைகளிலிருந்தே வந்தனர்.

இந்நிலையை மாற்ற எழுந்ததே இலவசக் கல்வித் திட்டம். கல்வி மந்திரியாக இருந்த கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943ஆம் ஆண்டிலே தன் அறிக்கையை வெளியிட்டது. அரசாங்க சபையில் நிகழ்ந்த நீண்ட விவாதத்தின் பின், 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொட்டுப் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் ஈறாகக் கல்வி இலவசமாயிற்று. இதற்கு முன்னரே, 1940ஆம் ஆண்டு தொடக்கம், நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. சில ஆண்டுகளில் அவற்றின் தொகை 54 ஆகிற்று. ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்த வறிய பிள்ளைகளுக்கு அங்கே உணவும் உறையுளும் அளிக்கப்பட்டன. கட்டணத்தை நீக்கினால் மாத்திரம் போதாது, பிள்ளையின் வயிற்றையும் நோக்க வேண்டும் என்பதை அத்திட்டம் வகுத்தோர் உணர்ந்திருந்தனர்.

கட்டணம் என்னும் முதல் வாயில் இவ்வாறு திறந்தது. திறந்தவுடன் புலப்பட்டது இரண்டாம் வாயில்: அதுவே ஆய்வுகூடம். வரலாறு கற்பிக்க ஆசிரியரும் நூலும் போதும். இரசாயனம் கற்பிக்கவோ நீர்க்குழாயும், தராசும், அமிலமும், கண்ணாடிக் கலங்களும், அவற்றை ஆளத் தெரிந்த பட்டதாரி ஆசிரியரும் வேண்டும். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிலே செய்முறைப் பயிற்சி இன்றி விஞ்ஞான மாணவன் தேறுதல் இயலாது. ஆகவே, நாட்டுப்புறத்துப் பாடசாலைகள் உயர்வகுப்பு நடத்தத் தொடங்கியபோது கலைப்பாடங்களையே நடத்தின. 1960களிலே பல்கலைக்கழகக் கலைப்பீடங்கள் பன்மடங்கு பெருகியதும், விஞ்ஞான பீடங்கள் அவ்வாறு பெருகாததும் இதனாலேயே. 1961ஆம் ஆண்டு பேராதனையில் இரண்டாவது விஞ்ஞான பீடம் எழுந்தும் பற்றாக்குறை தீர்ந்திலது.

இவ்வேற்றத்தாழ்வு தமிழ் பேசும் மக்களிடையேயும் நிலவியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிஷனரிமாரும் சைவப் பெரியாரும் போட்டியிட்டு நிறுவிய கல்லூரிகளில் நல்ல ஆய்வுகூடங்கள் இருந்தன. தண்ணீர் அருகிய நிலத்திலே பிறந்த பிள்ளைகளுக்குக் கல்வியே தோட்டமும் வயலுமாயிற்று. அவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பெருந்தொகையாகச் சென்றனர். வன்னியிலும், மன்னாரிலும், மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அத்தகைய கல்லூரிகள் இல்லை. மலையகத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டப் பாடசாலைகள் தோட்டத்து நிருவாகத்தின்கீழ் ஆரம்ப வகுப்புக்களோடு நின்றன. 1970களிலேதான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறத் தொடங்கின. தேயிலையால் நாட்டின் கருவூலம் நிறைந்தது. கொழுந்து கிள்ளியவளின் பிள்ளைக்கோ, 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வி மூன்று தசாப்தங்கள் எட்டாக்கனியாகவே இருந்தது.

மூன்றாம் வாயில் மொழி. பாடசாலைகளிலே தாய்மொழி படிப்படியாகப் போதனா மொழியாயிற்று. 1960ஆம் ஆண்டிலே தாய்மொழியிற் பயின்ற கலை மாணவர் பல்கலைக்கழகம் புகுந்தனர். விஞ்ஞானம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. சொல் வேண்டும், நூல் வேண்டும். 1950களில் அரசாங்கம் அமைத்த குழுக்கள் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டன. பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்னும் துறைதோறும் அறிஞர் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து ஆராய்ந்து, தமிழ் வழங்கினர். கிறீன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த பணி அது. அதன் பயனாகத் தமிழ் மாணவன் உயர்தர வகுப்புவரை தன் மொழியிலே விஞ்ஞானம் பயின்றான். ஆனால் பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களிலே ஆங்கிலமே பெரிதும் ஆட்சி செலுத்தியமையால், அவன் முதலாண்டிலே விரிவுரையையும் மொழியையும் ஒருங்கே கற்கவேண்டியவனானான். கிராமத்து மாணவன் தளர்ந்தது அறிவுக் குறைவினால் அன்று. கேட்ட சொல் விளங்காமையினால் என்பது வெள்ளிடைமலை.

நான்காம் வாயிலே யாவற்றினும் கசப்பானது. தகுதி பெற்றோர் பல்கினர், இடங்களோ சில. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மாணவர் பெறவேண்டிய மிகக் குறைந்த புள்ளி 229 எனவும், தமிழ் மாணவர் பெறவேண்டியது 250 எனவும் விதிக்கப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு அவை முறையே 227, 250 ஆயின. பின்னர் 1973ஆம் ஆண்டில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974ஆம் ஆண்டில் மாவட்டப் பங்கீடும் வந்தன. விஞ்ஞானத் துறைகளில் தமிழ் மாணவரின் பங்கு சில ஆண்டுகளிலே பெரிதும் வீழ்ந்தது. இரவு பகலாகப் படித்து, அயல் மேசையில் இருந்தவனிலும் கூடிய புள்ளி பெற்றும் வெளியே நிறுத்தப்பட்ட இளைஞனின் உள்ளத்திலே மூண்ட கனல் எளிதில் அவியவில்லை. பின்வந்த துயரங்களுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புவர்.

இவ்விடத்திலே இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஆய்வுகூடம் இல்லாத மாவட்டத்துப் பிள்ளைக்குக் கைகொடுப்பது ஒன்று; பேசும் மொழியையும் பிறந்த இனத்தையும் வைத்துப் புள்ளியைக் கூட்டியும் குறைத்தும் விதிப்பது மற்றொன்று. முன்னையது குறைபாட்டுக்கு மருந்து. பின்னையது புதிய புண். மாவட்டப் பங்கீட்டினால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை மாணவரும் பயன்பெற்றனர் என்பது மறுக்கொணாதது. ஆனால் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே கையால் கலந்து கொடுக்கப்பட்டமையால், மருந்தும் நஞ்செனத் தோன்றியது.

இடங்களைப் பங்கிடுவதிலும் இடங்களைப் பெருக்குவதே நிலையான வழி. 1974ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில், பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலியிலே, பேராசிரியர் கைலாசபதி அவர்களின் தலைமையிற் பல்கலைக்கழக வளாகம் உதயமாயிற்று. விஞ்ஞான பீடம் தொடக்கத்தில் வட்டுக்கோட்டையிலே இயங்கிற்று. 1979ஆம் ஆண்டில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1981ஆம் ஆண்டு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. அது 1986ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அக்கல்லூரி விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கவே முதலிற் கதவு திறந்தது என்பது கருதற்பாலது. அதே 1981ஆம் ஆண்டிலே மகாபொல நிதியம் சட்டமாகி, வறிய மாணவருக்கு மாதந்தோறும் உதவிப் பணம் வழங்க வழிவகுத்தது. 1940களில் மத்திய பாடசாலை விடுதி செய்ததைப் பல்கலைக்கழக மாணவனுக்கு இந்நிதி செய்ய முயன்றது.

இக்காலத்திலே அனுமதி, புள்ளிகளைப் பாடத்துக்குப் பாடம் ஒப்புநோக்கும் இசட் புள்ளி முறையினால் நடைபெறுகிறது. இடங்களுள் நூற்றுக்கு 40 நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்ட அடிப்படைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மொழியால் புள்ளி விதித்த காலம் கழிந்தது. எனினும் மாவட்டம் என்பது ஒரு பேரளவு. அதனுள்ளே நகரத்துக் கல்லூரியும் உண்டு; மலைச்சரிவிலும் காட்டோரத்திலும் ஆய்வுகூடம் இன்றி, இரசாயன ஆசிரியரின் வருகைக்குக் காத்திருக்கும் பாடசாலையும் உண்டு. மாவட்டத்துக்குக் கொடுத்த சலுகையை நகரத்துப் பிள்ளை பெற்றுக்கொள்ள, யாருக்காக அச்சலுகை வகுக்கப்பட்டதோ அவன் அறியாமல் நிற்பதும் உண்டு.

ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உணர்த்துவது இதுவே. பல்கலைக்கழக வாயிலிலே நின்று கொண்டு அனுமதியைப் பற்றி வழக்காடுவது எளிது. அவ்வாயிலுக்கு வரும் பாதையைச் செப்பனிடுவதே கடினம். பத்தாம் வயதிலே ஒரு குவளை உணவும், பதினைந்தாம் வயதிலே ஓர் ஆய்வுகூடமும், இருபதாம் வயதிலே விளங்கும் மொழியில் ஒரு விரிவுரையும் கிடைக்குமாயின், எந்த ஊர்ப் பிள்ளையும் எவர் தயவும் வேண்டாது தன் புள்ளியைத் தானே பெற்றுக்கொள்வான். ஆண்டுக்கு ஒருவரைக் கப்பலேற்றிய நாடு, இன்று ஆயிரக்கணக்கானோரை விஞ்ஞான பீடங்களுக்கு அனுப்புகின்றது. எஞ்சியுள்ள வாயில்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை. கிராமத்துப் பாடசாலையிலே உள்ளன. அங்கே பூட்டப்பட்டுக் கிடக்கும் அறையைத் திறந்து, தராசைத் துடைத்து, பிள்ளையின் கையிற் கொடுப்பதே இனிச் செய்யவேண்டிய பணியாகும்.