கேமராவுக்கு முந்திய போட்டோ

போட்டோ என்றதும் கேமராதான் நினைவுக்கு வரும். ஆனால், நிழலைத் தாளில் பிடித்து வைக்கும் கலை கேமராவைக் கேட்டுப் பிறக்கவில்லை. 1717 வாக்கில் ஜெர்மனியில் ஷூல்ட்சே என்ற அறிஞர், இருட்டில் ஒளிரும் பொருள் ஒன்றைச் செய்யப் பார்த்தார். சுண்ணாம்புத்தூளில் அவர் ஊற்றிய அமிலத்தில் கொஞ்சம் வெள்ளி கலந்திருந்தது. குப்பியில் இருந்த அந்தக் கலவையில் ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் கறுத்துப்போனது. சூடுதான் காரணமோ என்று நெருப்பருகே வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சத்தின் வேலைதான் என்று தெளிந்ததும், எழுத்து வெட்டிய காகிதத்தைக் குப்பியில் சுற்றி வெயிலில் வைத்தார். சுண்ணாம்பில் எழுத்துகள் தோன்றின, குலுக்கியதும் மறைந்தன.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் பெரிய பீங்கான் வியாபாரி வெட்ஜ்வுட்டின் மகன் தாமஸ். வெள்ளி நைட்ரேட் தடவிய காகிதத்திலும் வெள்ளைத் தோலிலும் இலைகளையும் பூச்சிகளின் இறகுகளையும் பதித்தார். 1802-ல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அதை எழுதி வெளியிட்டார். ஆனால் அந்தப் படங்கள் பகல் வெளிச்சம் பட்டால் முழுக்கக் கறுத்துவிடும்.

படத்தை நிலைக்க வைக்கும் வழியை 1834-ல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தேட ஆரம்பித்தார். அடர்ந்த உப்புக் கரைசல் ஓரளவு கைகொடுத்தது. அவர் எடுத்த லேஸ் துணிப் படத்தைப் பார்த்த நண்பர்கள், இது படமில்லை, லேஸேதான் என்று சாதித்தார்களாம்.

1842-ல் ஜான் ஹெர்ஷல் வெள்ளியை விட்டு இரும்புக்கு வந்தார். இரண்டு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, பொருளை மேலே வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாக நிற்கும். நிழல் விழுந்த இடம் கழுவப்பட்டு வெள்ளையாகும். சயனோடைப் என்ற இந்த முறை மலிவு, எளிது. அதனாலேயே வெகுதூரம் போனது.

ஹெர்ஷலின் நண்பருடைய மகள் ஆனா அட்கின்ஸ் 1843-ல் கடற்பாசிகளை இப்படிப் பதித்து, புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். போட்டோக்களைப் படங்களாகக் கொண்ட முதல் புத்தகம் அதுதான். பத்தாண்டு உழைப்பு, ஏறக்குறைய 400 படங்கள். ஒரு பக்கத்தைக் கிட்டப் பார்த்தால், தடித்த தண்டு பளிச்சென்று வெள்ளை. மெல்லிய இழைகள் வெயிலைக் கொஞ்சம் உள்ளே விட்டதால் வெளிர் நீலம். பக்கத்திலேயே கையெழுத்தில் லத்தீன் பெயர்.

அதே நீலத்தை எஞ்சினியர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1870-களில் வரைபடங்களை நகலெடுக்கும் தாளாக அது கடைக்கு வந்தது. ப்ளூபிரிண்ட் என்ற பெயர் இன்றும் வாழ்கிறது. 1900-ல் போயர் போரின்போது முற்றுகையில் சிக்கிய தென்னாப்பிரிக்காவின் மாஃபிகிங் நகரம், உள்ளூர்த் தபாலுக்கான அஞ்சல்தலையையே இந்த நீலத்தில் அச்சடித்தது.

கலைஞர்கள் பிறகு வந்தார்கள். 1919-ல் கிறிஸ்டியன் ஷாட் கிழிந்த காகிதத்தையும் குப்பையில் கிடந்த துணுக்குகளையும் பதித்தார். பாரீஸில் மேன் ரே, வெளிச்சம் படாத தாள் ஒன்று கரைசல் தட்டில் தவறி விழ, அதன்மேல் புனலையும் தெர்மாமீட்டரையும் வைத்து விளக்கைப் போட்டார் என்று பின்னாளில் சொன்னார். 1922-ல் அவர் 12 படங்களைத் தொகுப்பாக வெளியிட்டார். அதே ஆண்டு பெர்லினில் மொஹோலி-நாகியும் லூசியா மொஹோலியும் இதில் இறங்கினார்கள். 1937-ல் சிகாகோ போன மொஹோலி-நாகி இதையும் பாடமாகக் கொண்டுபோனார்.

1990-களில் சூசன் டெர்ஜஸ் இரவில் ஆற்றுக்குள் தாளை அமிழ்த்தி, ஓடும் நீரையே பதித்தார். டால்பட் 1835-ல் கேமராவால் எடுத்த தன் வீட்டு ஜன்னலை, ஃபுளோரிஸ் நாய்சூஸ் 2010-ல் கேமரா இல்லாமல் அசல் அளவிலேயே பதித்தார்.

இத்தகைய படத்தைப் பார்க்கும்போது ஓரங்களைக் கவனியுங்கள். கூர்மையான கோடு, பொருள் தாளைத் தொட்ட இடம். மங்கல், சற்றே விலகி நின்ற இடம். கேமரா தூரத்தில் நின்று பார்க்கும். இங்கே பொருளே தாளின் மேல் படுத்திருந்தது. அந்தத் தொடுகைதான் இந்தக் கலையின் உயிர்.