பருத்தி வயலில் எழுந்த ராக்கெட் நகரம்



உயர்கல்வியையும் வேலையையும் நாடி அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் இன்று பல குடும்பங்களில் இருக்கின்றனர். அட்லாண்டா, ஹூஸ்டன் முதலிய பெருநகரங்களின் பெயர்களை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அப்பகுதியில் மிக விரைந்து வளர்பவை பெருநகரங்கள் மட்டுமல்ல. ஒரு காலத்தில் வெறும் சந்தை ஊர்களாக இருந்த சிறு நகரங்களும் அங்கே வளர்ந்துகொண்டிருக்கின்றன. வளரும் ஊரில் சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கிறோம். அந்த ஊர் யாருடைய நிலத்தின்மீது, யாருடைய உழைப்பினால் வளர்ந்தது என்று விசாரிப்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கு விடை தேட, அலபாமா மாநிலத்தின் வடக்கே அமைந்துள்ள ஹன்ட்ஸ்வில் நகரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது பயனளிக்கும்.

ஊற்றருகே ஒரு குடிசை

1805-ஆம் ஆண்டில் ஜான் ஹன்ட் என்பவர் பெரிய நீரூற்று ஒன்றின் அருகே குடிசை கட்டிக் குடியேறினார். நான்காண்டுகளுக்குப் பின் லீராய் போப் என்ற செல்வந்தர் அவ்விடத்தை அரசிடமிருந்து விலைக்கு வாங்கி, ‘ட்விக்கன்ஹாம்’ என்று ஆங்கில ஊர்ப் பெயர் ஒன்றைச் சூட்டினார். அப்பெயர் நிலைக்கவில்லை. இங்கிலாந்தின்மீது வெறுப்பு மூண்டிருந்த காலம் அது. எனவே 1811-இல் முதற்குடியினரின் பெயராலேயே ஊர் ஹன்ட்ஸ்வில் ஆயிற்று. நிலத்தை வாங்கியவர் போப். பெயர் நிலைத்ததோ ஹன்டுக்கு! 1819-இல் அலபாமாவின் அரசியலமைப்பை வகுத்த மாநாடு இவ்வூரில்தான் கூடியது. அவ்வாண்டின் இறுதியில் அலபாமா 22-ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது.

ஊரின் செல்வம் பருத்தி. பருத்தியை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க வழியினரான அடிமைகள். 1860-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஹன்ட்ஸ்வில் அமைந்துள்ள மேடிசன் மாவட்டத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகளாகவே இருந்தனர். அடிமைக்குக் குடியுரிமை இல்லை என்று 1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கின் நாயகரான ட்ரெட் ஸ்காட் தம் இளமையில் சில காலம் இவ்வூரையொட்டிய ஒரு பண்ணையில் அடிமையாக வாழ்ந்தவர். அதே நிலப்பகுதியில் 1896-இல் கருப்பின மாணவர்களுக்கான ஓக்வுட் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1875-இல், முன்னாள் அடிமையான வில்லியம் ஹூப்பர் கவுன்சில் தொடங்கிய பள்ளியே இன்றைய அலபாமா ஏ அண்டு எம் பல்கலைக்கழகம். இவ்விரு கல்வி நிலையங்களும் பின்னர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பாலைகள் வந்தன. ஆலையைச் சுற்றி ஆலைக்குச் சொந்தமான வீடுகள், ஆலையின் பள்ளி, ஆலையின் கடை என்று ஒவ்வோர் ஆலையும் தனிக் கிராமமாக இருந்தது. வெளியூர்களில் இவ்வூர் அறியப்பட்டதெல்லாம் ஓடும் நீரில் பயிராகும் ஒருவகைக் கீரையினால்தான். அக்கீரையின் உலகத் தலைநகர் என்று ஊரார் தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டனர். 1940-இல் மக்கள்தொகை 13,050.

வேலிக்குள் போன ஊர்கள்

1941 ஜூலை மாதம், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், இரசாயன ஆயுதத் தொழிற்சாலை ஒன்றை ஹன்ட்ஸ்வில்லில் அமைக்கப்போவதாக அந்நாட்டு ராணுவம் அறிவித்தது. நகர வணிகர்கள் மகிழ்ந்தனர். வேலையில்லாத ஊருக்கு ஆயிரக்கணக்கான வேலைகள் வருகின்றன என்றால் யார்தான் மகிழமாட்டார்?

ஆனால் நகருக்குத் தென்மேற்கே தெரிந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 40,000 ஏக்கர் நிலம் ஆளில்லாத காடன்று. ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே பயிரிட்டு வாழ்ந்தன. பாண்ட் பீட், மல்லின்ஸ் ஃபிளாட் என்ற குடியிருப்புகளில் பெரும்பாலோர் கருப்பின மக்கள். அடிமை விலங்கு அறுந்த அடுத்த தலைமுறைகளில் சிறுகச் சிறுகச் சேமித்துச் சொந்தமாக நிலம் வாங்கியவர்கள் அவர்களுள் பலர். தென்மாநிலங்களில் கருப்பினத்தார் பெரும்பாலும் குத்தகை விவசாயிகளாகக் கடனில் மூழ்கியிருந்த காலத்தில் சொந்த நிலம் என்பது சாதாரணச் சொத்தன்று. பிறர் முன் கைகட்டி நிற்காமல் வாழ்வதற்கான ஒரே வழி. வீடு, கடை, பள்ளிக்கூடம், வழிபாட்டிடம் அனைத்தையும் விட்டு அவர்கள் சில மாதங்களுக்குள் வெளியேற வேண்டியதாயிற்று. இழப்பீடு நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு உண்டு. குத்தகைக்காரருக்கு நிலமும் இல்லை, ஈடும் இல்லை. வெளியேறியவர்களுள் சிலர் அதே தொழிற்சாலையில் கூலிவேலைக்குச் சேர்ந்தனர்.

அவர்களுடைய அடக்கத்தலங்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. இன்றும் அவை ராணுவ வேலிக்குள்தான் இருக்கின்றன. பாட்டனாரின் கப்றைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள் ராணுவத்திடம் அனுமதி கேட்டு நிற்பது எத்தகைய நிலை என்பதை, ஒரு சாண் கப்ரஸ்தான் நிலத்துக்காகப் பல்லாண்டு வழக்காடிய ஜமாஅத்துகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பகைவராய் இருந்தோர் அண்டை வீட்டாராயினர்

போர் முடிந்ததும் தொழிற்சாலை முடங்கியது. அந்த நிலத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஹன்ட்ஸ்வில்காரரான செனட்டர் ஜான் ஸ்பார்க்மன் ஊருக்காக வாதாடினார். இறுதியில் 1950-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வெர்னர் வான் பிரவுனும் அவருடன் நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானிய ராக்கெட் வல்லுநர்களும் குடும்பங்களுடன் இங்கே வந்து சேர்ந்தனர். அப்போது ஊரின் மக்கள்தொகை 16,437. பத்தே ஆண்டுகளில் அது 72,365 ஆயிற்று. 1970-இல் 1,37,000-ஐத் தாண்டியது. இருபதாண்டுகளில் எட்டு மடங்கு!

இந்த வல்லுநர்கள் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வான் பிரவுன் நாஜிக் கட்சியின் உறுப்பினர், எஸ்.எஸ். படையில் அதிகாரி. போரின்போது அவர்கள் வடிவமைத்த வி-2 ஏவுகணைகள் நிலத்தடிச் சுரங்கங்களில் வதைமுகாம் கைதிகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டன. அந்த டோரா முகாமில் மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர். ஆயினும் அமெரிக்க அரசுக்குத் தேவைப்பட்டது அவர்களுடைய அறிவு. அவர்களுடைய பழங்கணக்கு மூடி வைக்கப்பட்டது. அக்கணக்கில் ஓர் ஏடு 1984-இல்தான் திறந்தது. நிலவு ராக்கெட் திட்டத்தை நிர்வகித்த ஆர்தர் ருடால்ஃப் அவ்வாண்டில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து ஜெர்மனிக்குத் திரும்பினார்.

ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு இதற்கு நேர்மாறானது. நகரின் கிழக்கே உள்ள மான்டி சானோ மலையில் நிலம் வாங்கி வீடு கட்டினர். இசைக்குழு அமைப்பதில் பங்கேற்றனர். ஆராய்ச்சிக் கல்விக்காக மாநிலச் சட்டமன்றத்தில் பேசி நிதி பெற்றனர். இவையெல்லாம் ஊருக்கு நன்மை செய்தவையே. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1 விண்ணேகியது இக்குழுவினரின் ராக்கெட்டில்தான். 1960-இல் மார்ஷல் விண்வெளி மையம் உருவாயிற்று. ஏறத்தாழ 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன்-5 இங்கே வடிவமைக்கப்பட்டது. அதன் இயந்திரங்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கும்போது நகரத்து வீடுகளின் சன்னல்கள் நடுங்கின. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய செய்தி கேட்டு ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது.

ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை பகைநாட்டில் ஏவுகணை செய்தவர் ஹன்ட்ஸ்வில்லின் எந்த உணவகத்திலும் அமர்ந்து உண்ணலாம். அமெரிக்கச் சீருடையணிந்து அந்தப் பகைநாட்டை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பிய கருப்பின வீரர் அதே உணவகத்தில் உட்கார முடியாது. இதைவிடக் கொடிய முரண் வேறு என்ன இருக்க முடியும்?

நீலத் துணி ஞாயிறு

1962 ஜனவரியில் ஏ அண்டு எம், ஓக்வுட் ஆகிய இரு கல்வி நிலையங்களின் மாணவர்கள் கடைகளின் சிற்றுண்டி மேடைகளில் அமர்ந்து அறப்போராட்டம் தொடங்கினர். கைதுகள் தொடர்ந்தன. மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் வந்து ஓக்வுட்டில் உரையாற்றினார். ஏப்ரலில் மருத்துவர் சன்னி ஹெர்ஃபோர்டின் மனைவி கருவுற்ற நிலையிலும், பல் மருத்துவர் ஜான் காஷினின் மனைவி கைக்குழந்தையுடனும் கைதாயினர். அச்செய்தி நாடெங்கும் பரவியது.

போராட்டக் குழுவினரின் அறிவுக்கூர்மை அடுத்து வெளிப்பட்டது. ஈஸ்டர் பண்டிகைக்குப் புத்தாடை வாங்குவது அவ்வூர் வழக்கம். துணிக்கடைகளுக்கு அது பெரும் வருமானக் காலம். அவ்வாண்டு ஈஸ்டரன்று கருப்பின மக்கள் புத்தாடை வாங்காமல், உழைப்பாளியின் உடையான நீலநிற ஜீன்ஸ் துணியை அணிந்து வந்தனர். ‘நீல ஜீன்ஸ் ஞாயிறு’ என்று அந்நாள் பெயர் பெற்றது. கடைகளின் கல்லாப்பெட்டிகள் காலியாயின. சிகாகோ, நியூயார்க் பங்குச்சந்தைகளின் வாயிலிலும் நின்று, ஹன்ட்ஸ்வில்லில் முதலீடு செய்ய வேண்டாம் என்று அவர்கள் துண்டறிக்கை கொடுத்தனர். நகரத் தலைவர்களுக்கு அடி விழுந்த இடம் அதுதான். நகரம் உண்பது மத்திய அரசின் பணத்தை. ஊரின் பெயர் கெட்டால் அப்பணம் வேறிடம் போகும் என்ற அச்சம் அவர்களை ஆட்டியது. ஜூலையில் சிற்றுண்டி மேடைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. எந்த வளர்ச்சி அம்மக்களுடைய நிலத்தைப் பறித்ததோ, அந்த வளர்ச்சியின் மீதிருந்த ஆசையையே பிடியாகக் கொண்டு அவர்கள் தங்கள் உரிமையை இழுத்து வாங்கினர்.

1963 செப்டம்பர் 9. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அனுப்பிய மாநிலப் போலீசார் சில நாள்களுக்கு முன் பள்ளி வாயிலில் மறித்துத் திருப்பியனுப்பிய ஆறு வயதுச் சிறுவன் நான்காம் சன்னி ஹெர்ஃபோர்ட், அன்று தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் நிழற்சாலைப் பள்ளிக்குள் நுழைந்தான். அலபாமாவின் வெள்ளையர் அரசுப் பள்ளி ஒன்றில் சேர்ந்த முதல் கருப்பினக் குழந்தை அவன். வேறு மூன்று பள்ளிகளில் மேலும் மூன்று குழந்தைகள் சேர்ந்தனர். இரத்தம் சிந்தப்படவில்லை. ஆறு நாள்கள் கழித்து, தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் உள்ள உருக்கு நகரமான பர்மிங்ஹாமில் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமியர் கொல்லப்பட்டனர்.

1965-இல் ஆளுநர் வாலஸ் ராக்கெட் மையத்தைப் பார்வையிட வந்தார். நிற வேற்றுமைத் தளைகளை அலபாமா களைய வேண்டுமென்று அவ்வாண்டு பகிரங்கமாக வலியுறுத்தியவர்களுள் வான் பிரவுனும் ஒருவர். மையத்தின் கருப்பினப் பொறியாளர்களோ அப்போதும் மிகச் சிலரே. திறமையானவர்கள் அலபாமா என்றாலே வரத் தயங்கினர். அவருடைய பேச்சில் நீதியுணர்வு எவ்வளவு, ஆள்சேர்ப்புக் கவலை எவ்வளவு என்று பிரித்தறிய நம்மால் இயலாது. டோரா முகாமைக் கண்டறிந்த ஒருவர் இதைப் பேசினார் என்பதை மட்டும் குறித்து வைப்போம்.

ஒரே கையை நம்பிய ஊர்

நிலவுப் பயணம் முடிந்ததும் பணம் வற்றியது. 1970-இல் வான் பிரவுன் வாஷிங்டனுக்கு மாறினார். பொறியாளர்கள் பலர் வேலையிழந்தனர். 1970-க்கும் 1980-க்கும் இடையே மக்கள்தொகை சில ஆயிரமே கூடியது. ஒரே முதலாளியை நம்பும் ஊருக்கு நேரும் இடர் இது. நல்வாய்ப்பாக 1962-இலேயே தொடங்கப்பட்டிருந்த ஆராய்ச்சிப் பூங்காவில் தனியார் நிறுவனங்கள் வேரூன்றியிருந்தன. பின்னர் ஏவுகணைத் தடுப்புத் துறை, மென்பொருள், வாகன இயந்திரத் தொழிற்சாலை என்று புதுத் தொழில்கள் சேர்ந்தன. 2021-இல் மாஸ்டா-டொயோட்டா கூட்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2020 கணக்கெடுப்பில் ஹன்ட்ஸ்வில் 2,15,006 பேருடன் அலபாமாவின் மிகப் பெரிய நகரமாயிற்று. 1960-இல் 3,40,887 பேர் வாழ்ந்த பர்மிங்ஹாம் 2,00,733-க்கு இறங்கியிருந்தது. அமெரிக்க விண்வெளிக் கட்டளையகத்தின் (ஸ்பேஸ் கமாண்ட்) தலைமையகமும் ஹன்ட்ஸ்வில்லுக்கு வரும் என்று 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஊரில் இன்று வாழ்வது எப்படி? வேலை கிடைக்கிறது, படித்தவனுக்குச் சம்பளமும் நன்று. காலை வேளையில் ராணுவ வளாக வாயில்களில் கார்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. பக்கத்து ஊர்களிலிருந்தும் வடக்கே டென்னசி மாநிலத்திலிருந்தும் நாள்தோறும் வந்து போவோர் பலர். நகர எல்லை மேற்கே பருத்தி வயல்களை விழுங்கிக்கொண்டே அடுத்த மாவட்டத்துக்குள் போய்விட்டது. வியட்நாம் போரின்போது ராணுவக் காலணி தைத்த பழைய லோ நூற்பாலை, ஓவியர்களும் கைவினைஞர்களும் வாடகைக்கிருக்கும் கலைக்கூடமாகியிருக்கிறது. கருப்பினத்தார் கடை வைத்திருந்த நகர்மையத் தெருவோ, 1960-களின் நகரச் சீரமைப்பில் இடிபட்டதோடு சரி. ஆலைக்கட்டடத்தைக் காப்பாற்றிய அக்கறை அத்தெருவுக்குக் கிடைக்கவில்லை.

நகரின் தெற்கும் வடக்கும் இன்னும் ஒன்றாகிவிடவில்லை. ஹெர்ஃபோர்ட் குடும்பத்தினரின் பெயரால் 1963-இல் தொடுக்கப்பட்ட பள்ளி வழக்கு அரை நூற்றாண்டு கடந்தும் முடிவுக்கு வரவில்லை. வடபகுதிப் பள்ளிகளுக்கும் தென்பகுதிப் பள்ளிகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் களையுமாறு 2015-இல் நீதிமன்றம் புதியதோர் இசைவு ஆணையை ஏற்றது. அன்று தந்தையின் கைபிடித்து நடந்த சிறுவனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயதை ஒட்டியிருக்கும். தந்தையார் மருத்துவர் ஹெர்ஃபோர்ட் அதற்கு அடுத்த ஆண்டு காலமானார். நகரின் வடபகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.