முட்டை தின்ற சுவர்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் ஒன்று சில வருஷங்களாக எங்களோடு தகராறு செய்துகொண்டிருந்தது. தகராறு ஆரம்பமானது 2015 டிசம்பர் மழையில். ஊரையே மூழ்கடித்த மழை. எங்கள் சுவருக்கு மட்டும் யார் குடை பிடிப்பார்கள்? தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது.

ஆளைக் கூப்பிட்டோம். அவர் பெயர்ந்ததைச் சுரண்டினார், சிமெண்ட் பூசினார், பட்டி பார்த்து, விலை உயர்ந்த பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டுப் போனார். சுவர் புது மாப்பிள்ளை போல நின்றது. ஆனால் அந்த மாப்பிள்ளைக் கோலம் அடுத்த ஐப்பசி வரைக்கும்தான். மழை பிடித்ததும், பொரித்த அப்பளத்தில் எழும்புவது போலக் கொப்புளங்கள் எழும்பின. விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று உப்புப் பொடி கொட்டிற்று. மறுபடியும் ஆள், மறுபடியும் சிமெண்ட், மறுபடியும் கொப்புளம். மூன்று தடவை இப்படி நடந்தது.

மூன்றாவது தடவை என் தம்பி வந்து பார்த்தான். "அண்ணா, வீடு செத்துப் போச்சு. இனிமே இதுக்கு வைத்தியம் பார்க்கிறது வீண். அடுக்குமாடி கட்டக் கேக்கறவாளுக்குக் கொடுத்துடலாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தாத்தா கட்டிய வீடு என்கிற ஒரே காரணத்துக்காக உதிர்கிற சுவரைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? நான் பதில் சொல்லவில்லை. வீட்டை இடிப்பதற்கு முன் கடைசியாக ஒருவரிடம் காட்டிவிடுவோம் என்று, பழைய வேலை தெரிந்த எழுபது வயதுக் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் கரணையைக்கூட எடுக்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், டாக்டர் மார்பைத் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. பிறகு சொன்னார்: "சுவருக்கு ஒண்ணும் இல்லீங்க. மேலே போட்ட சட்டைதான் அதுக்கு ஒத்துக்கல. சித்திரை வெயில்ல ஒருத்தருக்கு மழைக்கோட்டு மாட்டி நிக்கவெச்சா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சுண்ணாம்பின் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

சென்னைச் சுண்ணாம்பு ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றிருந்தது என்றால் நம்புவீர்களா? செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்கிற ஆங்கிலேயர், சென்னையில் உயர்ந்த சாந்து தயாரிக்கும் முறையை விவரமாக எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். நியூட்டன் தலைவராக இருந்த அதே சபை! 1732-இல் அதன் சஞ்சிகையில் அது அச்சாயிற்று. சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும்: மணல் பதினைந்து மரக்கால் என்றால் சுண்ணாம்பும் பதினைந்து மரக்கால், அதற்கு வெல்லக் கரைசல், வேகவைத்து வடிகட்டிய பயற்றுக் கஞ்சி, கடுக்காய் வேகவைத்த நீர். மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு, தயிர், நெய் என்று பட்டியல் நீளும். மரக்கால் என்பது என் கணக்கு. அவர் புஷல் என்கிற அளவில் சொல்கிறார். நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பாகம் வானசாஸ்திரக் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

இதில் எதுவும் வெறும் சடங்கு அல்ல. வெல்லம் சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் அதிகமாகக் கரைகிறது. சாந்து இழைவாக வருகிறது. கடுக்காயின் துவர்ப்பும் முட்டையின் புரதமும் பிடிமானம் தருகின்றன. நெய் மழைநீரை உள்ளே விடாமல் தடுக்கிறது.

பூச்சு மூன்று தடவை. முதலாவது, மணல் அதிகம் சேர்ந்த முரட்டுப் பூச்சு. இரண்டாவது சற்று நைஸானது. மூன்றாவதற்குக் கல் சுண்ணாம்பு உதவாது. கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும். அதை அம்மியில் சந்தனம் போல அரைத்து மெல்லியதாக இழுத்து, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். சுவருக்கு வியர்க்கும், துணியால் ஒற்றி எடுப்பார்கள். கடைசியில் மாக்கல் பொடி தூவி மறுபடி தேய்ப்பார்கள். சிலேட்டில் எழுதக் குழந்தைகள் வைத்திருந்த பலப்பம் இருக்கிறதே, அந்தக் கல்தான். அப்புறம் அந்தச் சுவரில் முகம் பார்க்கலாம். எழும்பூரில் 1821-இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போனால், வெள்ளைத் தூண்களைப் பார்த்துப் பளிங்கு என்றுதான் நினைப்போம். பளிங்கு இல்லை; சுண்ணாம்பு.

ரோமாபுரியின் விட்ருவியஸ், சுவருக்கு மணல் சாந்து மூன்று பூச்சும் பளிங்குப் பொடிச் சாந்து மூன்று பூச்சும் வேண்டும் என்று இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்தார். ராஜஸ்தானத்து ஹவேலிகளிலும் மொராக்கோ ஸ்நான அறைகளிலும் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்கள் உண்டு. ஆனால் ரோமருக்குப் பளிங்குப் பொடி வேண்டியிருந்தது. நமக்கு வங்காள விரிகுடா ஒதுக்கித் தள்ளிய கிளிஞ்சலே போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. முட்டை என்கிற வார்த்தையைக்கூட வீட்டுக்குள் சொல்லவிடாதவள் அவள். ஏகாதசிகளில் இந்தக் கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் ஜபம் செய்வாள். "பாட்டி சாய்ந்த சுவரில் முட்டை உண்டா?" என்று கொத்தனாரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது கலந்தவனுக்குத்தான் தெரியும், சார்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் வேறொரு நினைப்பு வந்தது. சுவருக்கு முட்டையும் நெய்யும் தயிரும் கிடைத்தன. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினவர்களுக்கும், காளவாயில் சுண்ணாம்பு சுட்டுக் கையும் காலும் வெந்துபோனவர்களுக்கும் அவை கிடைத்தனவா? தூணைப் பார்த்துப் பெருமைப்படுகிற நாம் அதையும் நினைக்கத்தான் வேண்டும். ராயல் சொசைட்டிக்குப் போன கட்டுரையில் அவர்கள் கைப்பாகம் இருந்தது, பெயர் இல்லை.

இவ்வளவு பெரிய வித்தை எப்படி மறந்து போயிற்று? அவசரம்தான் காரணம். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்கிற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு உரிமை பெற்றார். இந்தியாவில் அதை முதலில் தயாரித்துப் பார்த்தது நம் சென்னையில்தான், 1904-இல். வேடிக்கை என்னவென்றால், அதற்கும் கடற்சிப்பியைத்தான் மூலப்பொருளாகக் கொண்டார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரிலும் பிறகு 1930-களில் கோயமுத்தூர் மதுக்கரையிலும் ஆலைகள் வந்தன. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிய காலம் அது. சுண்ணாம்பு இறுக மாதங்கள் வேண்டும்; சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகும். வீடு கட்டுகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

சிமெண்ட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது இல்லாமல் பாலம் ஏது, அணை ஏது? ஆனால் சுண்ணாம்பில் கட்டிய பழைய வீட்டுக்கு அது ஆகாது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்ணிய துவாரங்கள் வழியாக அதை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசினால் வழி அடைபடுகிறது. உள்ளே சிக்கிய ஈரத்திலுள்ள உப்பு படிகமாகி, பூச்சை முதுகிலிருந்து நெட்டித் தள்ளுகிறது. கடலுக்குப் பக்கத்திலுள்ள மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உப்புக்குப் பஞ்சமா? மூன்று தடவை நாங்கள் செய்த வைத்தியமே எங்கள் வீட்டுக்கு வியாதி.

முன்பெல்லாம் இந்த வைத்தியத்தை வீட்டுக்காரர்களே செய்தார்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் உலர்ந்ததும் பொங்கல் வரும். அதற்கு முன் ஒட்டடை அடித்து, விரிசலை அடைத்து, நீலமும் கஞ்சியும் கலந்த சுண்ணாம்பை மட்டையால் அடிப்பார்கள். மழையில் பிடித்த பூஞ்சணத்தைச் சுண்ணாம்பின் காரம் கொன்றுவிடும். சம்பிரதாயம் என்று நாம் நினைத்தது வருஷாந்தரச் சிகிச்சை.

சென்ற தை மாதத்துக்கு முந்தின தையில், கொத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் என் பெண்ணும் வேலை செய்தோம். சுண்ணாம்பைத் தாளிப்பதை மட்டும் அவர் எங்களிடம் விடவில்லை. தண்ணீர் பட்டதும் அது கொதித்துச் சீறும். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். வாரக்கணக்கில் ஊறிய பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. சிமெண்ட்டை முழுதும் கொத்தி எடுத்தோம். தட்டிப் பார்த்து, 'பொத்து பொத்து' என்று சத்தம் கேட்ட பழைய பூச்சை மட்டும் நீக்கி, கெட்டியாக இருந்ததை விட்டுவிட்டோம். தூசி துடைத்து, சுவர் வேண்டுமட்டும் குடிக்கத் தண்ணீர் தெளித்தோம். பிறகு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சாந்தை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் ஒன்றாக ஏற்றினோம். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசிய ஒரு மூலை வெடித்தது; அதை இரண்டாம் தடவை செய்தோம். பூசி முடித்த பின்பும் பல நாட்கள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தது என் பெண்தான்.

"இது எப்பப்பா காயும்?" என்று அவள் கேட்டாள்.

சிப்பியைச் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. சுவரில் பூசிய பிறகு, சுண்ணாம்பு அந்த வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடலில் சிப்பியாக இருந்தது, சுவரில் மறுபடியும் அதே பொருளாக இறுகுகிறது. அதற்கு வருஷங்கள்கூட ஆகும். இதை அவளுக்குச் சொன்னேன். "அப்போ, நான் காலேஜ் போறப்போ கல்லாயிடும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் சுவரில் முகம் தெரியவில்லை. முட்டையும் போடவில்லை, பாட்டிக்குக் கொடுத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் என் கரணை தடுமாறிய இடமெல்லாம் தெரியும். ஆனால் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது; ஒரு கொப்புளம் இல்லை.

போன வாரம் தம்பி வந்திருந்தான். வந்த காரியம் வீட்டைப் பற்றித்தான். காபி ஆறும்வரை பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தான்.

"ஜில்லுனு இருக்கு, அண்ணா" என்றான்.

வீட்டை என்ன செய்வது என்கிற பேச்சு இப்போதைக்குப் பொங்கலுக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் எப்படியும் வெள்ளையடிக்க வேண்டும். தம்பியையும் ஒரு மட்டை பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.