கருகல் வாடை

விமானப் பணிப்பெண் என்றதும் நமக்கு நினைவு வருவது சிரித்த முகம், கச்சிதமான உடை, கையில் தட்டு. அந்தச் சித்திரத்துக்குள் மறைந்துபோனது அவள் செய்யும் முதன்மையான வேலை: ஆபத்தை முதலில் அறிவதும், பயணிகளை உயிரோடு வெளியேற்றுவதும்.

1930 மே மாதம் முதல் பணிப்பெண்ணாகப் பறந்த எல்லன் சர்ச் பதிவு பெற்ற செவிலியர். விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். விமானி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை; பயணிகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. பிறகு வந்த பல பத்தாண்டுகளில் இந்தப் பெண்களின் வயதையும் எடையையும் திருமணத்தையும் நிறுவனங்கள் அளந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் 32 அல்லது 35 வயதோடு வேலையை முடித்தன. இந்தியாவில் 1981இல், நர்கேஷ் மீர்சா வழக்கில்தான், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அனுபவம் சேரும் வயதில் ஒரு பெண்ணை அனுப்பிவிடுகிறவர்கள், அவளுடைய அனுபவத்துக்கு மதிப்பில்லை என்றே சொல்கிறார்கள்.

அந்த அனுபவத்தின் விலையை 1983 ஜூன் 2 காட்டியது. டல்லஸிலிருந்து டொராண்டோ வழியாக மாண்ட்ரியலுக்குப் புறப்பட்ட ஏர் கனடா 797இல் பயணிகள் 41 பேர், விமானிகள் இருவர், பணியாளர் மூவர். மாலை 6.51க்குப் பின்பக்கக் கழிப்பறை மோட்டாரின் மூன்று சர்க்யூட் பிரேக்கர்கள் விழுந்தன. மோட்டார் சிக்கியிருக்கும் என்று விமானி எண்ணினார். ஏழு மணியளவில் கடைசி வரிசைப் பயணி ஒருவர் ஏதோ வாடை வருகிறது என்றார். மூன்றாம் நிலைப் பணிப்பெண் தீயணைப்பானோடு போய்க் கழிப்பறைக் கதவைச் சிறிது திறந்தார். தரை முதல் கூரை வரை சாம்பல் நிறப் புகை, சுடர் இல்லை. கதவை மூடிவிட்டு இரண்டாம் நிலையில் இருந்த பெண்ணிடம் சொன்னார். அவர் பொறுப்பாளரிடம் சொன்னார். பொறுப்பாளர் சொன்னபடி அவரே போய் விமானியிடமும் சொன்னார். கண்டவர் ஒருவர், விமானியிடம் பேசியவர் வேறொருவர். அடுத்த சில நிமிடங்களில், புகை தணிகிறது, கவலை வேண்டாம் என்ற செய்தியும் முன்னால் போயிற்று. தீயோ சுவருக்குப் பின்னால் வளர்ந்துகொண்டிருந்தது.

பணியாளர்கள் பயணிகளை முன்வரிசைகளுக்கு மாற்றினார்கள். மூக்கில் வைத்துக்கொள்ள ஈரத் துண்டுகள் கொடுத்தார்கள். இறக்கைமேல் உள்ள அவசர வழிகளைத் திறக்கும் முறையைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 7.20க்கு விமானம் சின்சினாட்டியில் இறங்கியது. கதவுகள் திறந்து ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே தீ குபீரெனப் பரவியது. 23 பயணிகள் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஈரத் துண்டாலோ துணியாலோ முகத்தை மூடியிருந்தவர்கள்.

தீ எங்கே தொடங்கியது என்பது உறுதியாகவில்லை. அதன் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டதும், விமானிக்கு முரண்பட்ட தகவல்கள் போனதும் உயிரிழப்புக்குக் காரணங்கள் என்றது விசாரணை. கழிப்பறையில் புகை உணர்வி, தீயைத் தாங்கும் இருக்கை உறை, தரையோர வழிகாட்டி விளக்கு ஆகியவை அதன்பின் கட்டாயமாயின.

பயிற்சி முறையும் மாறியது. இன்று கருகல் வாடை வந்தால், மறுக்கும் சான்று கிடைக்கும்வரை அதைத் தீ என்றே கொள்ள வேண்டும். ஒருவர் தீயை எதிர்கொள்ள, ஒருவர் உதவ, ஒருவர் இன்டர்காமில் விமானியோடு தொடர்ந்து பேசுவார்: வாடை எங்கே, புகை என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி. சுவர்ப் பலகையின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். விமானி ஆக்சிஜன் முகமூடியை அணிந்துகொண்டு, மூலம் தெரியும்வரை காத்திராமல் தரையிறங்கத் திட்டமிடுவார்.

1998 செப்டம்பரில் ஸ்விஸ்ஏர் 111இன் விமானி அறையில் வாடை தெரிந்ததிலிருந்து விமானம் கடலில் விழும்வரை சுமார் 20 நிமிடங்களே இருந்தன. 229 பேர் மாண்டார்கள். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு சொல் படிப்படியாக மேலே ஏறிப் போய்ச் சேர முடியாது. பின்வரிசையில் நிற்கிறவள் 'கருகுகிறது' என்றால், அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை நம்ப வேண்டும். வானத்தில் இதைக் கற்க 23 உயிர்கள் போயின. தரையில் நம் அலுவலகங்களும் வீடுகளும் இன்னும் கற்கவில்லை.