காத்திருக்கும் பகைவன்

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் கூடிய அறிஞர் அவையில், காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மெய்ப்பித்துக் காட்டினார். மனிதகுலம் தன் பழம்பகைவனை அன்றுதான் அடையாளம் கண்டது. ஆயினும் இக்கிருமி புகுந்தவர் அனைவரும் நோயுறுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் அதனைச் சிறைப்படுத்தி வைக்கிறது. காவல் தளரும் நாளுக்காக அது பல்லாண்டுகள் காத்திருக்கும்.

அக்காவலைத் தளர்த்துவனவற்றுள் சிறுநீரக நோயும் ஒன்று. முன்னாளில் சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்தோர் விரைவில் மாண்டனர். 1943-இல், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் குருதியைத் தூய்மையாக்கும் பொறியை இயக்கினார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோரைக் காக்க இயலவில்லை. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது.

வாழ்நாள் நீண்டது, பழம்பகைவனுக்கும் காலம் வாய்த்தது. சிறுநீரகம் பழுதுற்றால் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர்க்கோ, உடல் அதனை ஒதுக்கிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தே தரப்படுகிறது. அந்நிலையில் விழித்தெழும் காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. நெறிக்கட்டிகளிலும் வயிற்று உறையிலும் இருமலின்றியே தோன்றக்கூடும். பசியின்மையும் மெலிவும் சோர்வும் சிறுநீரக நோயின் விளைவென்றே கருதப்பட்டுவிடும். 1908-இல் மான்டூ வகுத்த தோல் சோதனையும் இத்தகையோரிடம் பலவேளை பொய்த்துப்போகும்.

மருந்திலும் கவனம் வேண்டும். 1940-களில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை வென்றது. ஆனால் செவியையும் சிறுநீரகத்தையும் ஊறுபடுத்த வல்லது. எத்தம்பூட்டால் சிறுநீர்வழி வெளியேறுவது. அவ்வழி அடைபட்டால் உடலில் தேங்கிக் கண்பார்வையைக் கெடுக்கும். ஆதலின் மருத்துவர் அளவையும் இடைவெளியையும் கணித்தே இவற்றைத் தருகின்றனர்.

நம்பிக்கையூட்டும் வரலாறும் நம்மிடம் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவாறே மருந்துண்டோரும் மருத்துவ விடுதியில் தங்கியோரைப் போன்றே நலம்பெறக் கூடும் என்று உலகிற்கு உணர்த்தியது.

எனினும் நம் குடும்பங்களில் பலர், முன்பு வந்த காசநோயை மானக்கேடாக எண்ணி மருத்துவரிடமும் மறைக்கின்றனர். சிறுநீரக நோயாளியைப் பொறுத்தவரை அம்மௌனம் உயிரையே பறிக்கக்கூடும். வீட்டில் எவருக்கேனும் அந்நோய் இருந்ததுண்டா என்று மருத்துவர் வினவும்போது உண்மையைக் கூறுவோம். நோயாளியின் மாலைக் காய்ச்சலையும் அசதியையும் ‘வழக்கமானதுதானே’ என்று தள்ளாது செவிமடுப்போம். அன்பின் பணி அங்கே தொடங்குகிறது.