நின்றுபோன ரத்தம்: கெடா தோட்டப்புறத்தில் சிறுநீர்க் குருதியும் தோட்ட மருத்துவ மரபும்

சிறுநீர்ப்பையில் வளரும் கட்டி விட்டுவிட்டுத்தான் கசியும். இன்று சிறுநீர் சிவந்து போகும்; இரண்டொரு நாளில் தெளிந்துவிடும்; மறுபடி சிவக்கச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். பெரும்பாலும் வலி இராது. ரத்தம் நின்ற இடைவெளியிலும் கட்டி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். இப்படிப்பட்ட நோயாளி பிந்தி வரும்போது, "முதல் தடவையே ஏன் வரவில்லை?" என்று மருத்துவர் கேட்பதும், படிப்பறிவு போதாது என்று நாம் முடிவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டன. மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். எதை நோயாகக் கருத வேண்டும், எதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்பதை அந்த மக்களுக்கு மூன்று தலைமுறையாகக் கற்பித்தது தோட்ட மருத்துவம். தாமதத்தின் வேரை அங்கேதான் தேட வேண்டும்.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது கெடா. கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணி, பீடோங் எனத் தென்கெடா நெடுகிலும் ரப்பர் பரவியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள் அங்கே பால்மரம் வெட்டினார்கள். குன்றுச் சரிவுகளில் காட்டை அழித்தபோது நிழலில் ஓடிய சிற்றோடைகள் வெயிலுக்கு வந்தன. மலாயாவின் மலையோர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசு வெயில் படும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். காடு அழிந்தால் காய்ச்சல் ஒழியும் என்று நம்பியவர்களுக்குக் காய்ச்சல் பெருகியதே விடையாகக் கிடைத்தது. 1901இல் கிள்ளானில் பணி தொடங்கிய மால்கம் வாட்சனும், 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகமும் மலாயா மருத்துவத்தில் மலேரியாவை முன்னிறுத்தியதன் பின்னணி இதுதான்.

அந்தக் காலத்தில் மலேரியா பரவிய நாடுகளில் சிவந்த சிறுநீருக்கு அச்சமூட்டும் பெயர் ஒன்று இருந்தது: கருநீர்க் காய்ச்சல். பால்சிபாரம் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கிய உடலில், மலேரியா மருந்தான கொய்னாவை முறையின்றி விட்டுவிட்டு உட்கொண்டவர்களிடம், ரத்தச் சிவப்பணுக்கள் நாளங்களுக்குள்ளேயே திடுமென உடையும். வெளிப்பட்ட ஹீமோகுளோபின் சிறுநீரைக் கறுப்புக் காப்பி நிறமாக்கும். பலருக்குச் சிறுநீர் அடைத்து உயிர் போயிற்று. ஜே. டபிள்யூ. டபிள்யூ. ஸ்டீபன்ஸ் 1937இல் இந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொய்னாவின் இடத்துக்குக் குளோரோகுவின் வந்ததும் கருநீர்க் காய்ச்சல் அரிதாயிற்று. 1956இல் ஜி6பிடி நொதிக் குறைபாடு அடையாளம் காணப்பட்ட பிறகு, சில மருந்துகள் சிலருடைய சிவப்பணுக்களை மட்டும் ஏன் உடைக்கின்றன என்பதும் விளங்கியது. இன்று மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்படுவது பெற்றோர் அறிந்ததே.

கருநீர்க் காய்ச்சலில் போவது அணு உடைந்த நிறம். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலிருந்து கசிவது முழு அணு. இரண்டையும் பிரித்தறியப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசைக்காமல் வைத்தால் முழு அணுக்கள் மெல்ல அடியில் படிந்து, மேலே நீர் தெளியும். உடைந்த அணுவின் நிறமானால் எவ்வளவு நேரம் வைத்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நிற்கும். சுழற்றும் கருவி இருந்தால் இது சில நிமிட வேலை. தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரின் மேசையில் கண்ணாடிக் குழாய்க்குப் பஞ்சம் இருந்திராது. அவரிடம் எதிர்பார்க்கப்பட்டதோ வேறு வேலை.

காலைப் பெரட்டில் ஆள் எண்ணப்படும். வராதவனுக்குக் காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, காலில் புண்ணா என்று பார்த்து, இன்று வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் டிரஸ்ஸர். தோட்டத்துக்குத் தேவைப்பட்ட மருத்துவ விடை அது ஒன்றே. காய்ச்சலில்லை, வலியில்லை, கை கால் ஓடுகிறது என்றால் அவனுக்கு நோய் இல்லை. அன்றாடக் கூலிக்காரனுக்கும் இந்தக் கணக்கு பழகிவிட்டது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. டிரஸ்ஸர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்திலிருந்து பாம்புக்கடி வரை தனியாளாகப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தொழிலைப் பதிவு செய்யும் சட்டமே 1965இல்தான் வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறுநீரில் ரத்தத்தைக் கண்டுகொள்ளக் கண்ணுக்கு வெளிச்சமும் வெள்ளைப் பின்னணியும் வேண்டும். பால்மரம் வெட்டுபவர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். மரத்தடி மண்ணில் சிறுநீர் விழும், மண் குடித்துவிடும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த பொதுக் கக்கூஸ்களில் இருட்டும் சிமெண்டுத் தரையும்தான். வெள்ளைப் பீங்கானில் நிறம் பளிச்சென்று தெரிவது தோட்டத்தை விட்டுத் வீடமைப்புப் பகுதியான தாமானுக்குக் குடிவந்த பிறகு கிடைத்த வசதி. 'கண்ணுக்குத் தெரியும் ரத்தம்' என்று மருத்துவ நூல்கள் வகுக்கும்போது, பார்க்கத் தோதான இடம் எல்லோருக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன.

கண்டவர்கள் என்ன செய்தார்கள்? "உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு" என்று வீட்டில் சொல்வார்கள். இளநீர், பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல். வெயிலில் வேர்த்து உழைப்பவருக்குத் தண்ணீர் போதாமல் கல் உண்டாவதும் கடுப்பெடுப்பதும் உண்மை என்பதால், நிறைய நீர் குடிக்கச் சொன்ன பாட்டியை இகழ இடமில்லை. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தும் பார்த்துச் சிறுநீரைச் சோதிக்கும் நீர்க்குறி முறையைச் சித்த மருத்துவம் வகுத்திருக்கிறது; சிறுநீரைக் கவனிப்பது நம் மரபுக்குப் புதிதுமல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இளநீர் குடித்த மறுநாள் ரத்தம் நின்றுவிடுகிறது. குடிக்காவிட்டாலும் நின்றிருக்கும். ஆனாலும் அந்த வீட்டைப் பொறுத்தவரை சூடு என்ற விளக்கம் நிரூபணமாகிவிட்டது. அடுத்த முறை அதே மருந்து, அதே வெற்றி. நோயின் இயல்பே தவறான விளக்கத்துக்குச் சாட்சி சொல்லும்போது அறிவுள்ளவரும் ஏமாறத்தான் செய்வார்.

ஊர் கிளினிக்கும் இதே வலையில் விழுகிறது. நோயாளி சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போகிறார். கிருமித்தொற்று என்று ஐந்து நாள் மாத்திரையும் எம்.சி. எனும் விடுப்புச் சான்றும் கிடைக்கின்றன, ரத்தம் நிற்கிறது. அடுத்த முறை மகள் வீட்டில் இருக்கும்போது கூலிமில் வேறொரு கிளினிக். மூன்றாம் முறை அரசாங்கக் கிளினிக். மூன்று இடத்திலும் அவர் முதல் தடவை வந்த நோயாளிதான்! எந்த மருத்துவரும் தவறு செய்யவில்லை. மூன்று சம்பவங்களையும் ஒரே வரிசையில் பார்த்தவர் எவருமில்லை.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். மாதவிடாய் என்றோ, நீர்த்தொற்று என்றோ சொல்லி அனுப்பப்படுவதால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெண்களிடம் ஆண்களைவிடத் தாமதமாகக் கண்டறியப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்தில் டிரஸ்ஸர் ஆண். கூட வருபவர் கணவரோ மகனோ. மாதவிடாய் நின்று பத்தாண்டு கழிந்த ஒரு பெண் துணியில் கறை கண்டால், அது எந்த வழியாக வந்தது என்பதை யாரிடம் பிரித்துச் சொல்வார்?

தோட்டத்தின் கதையில் ரப்பரும் சிறுநீர்ப்பையும் தொலைவில் ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன. 1895இல் பிராங்பர்ட் அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு அறிவித்தார். பின்னர் பிரிட்டிஷ் ரப்பர் ஆலைகளிலும் அதே நோய் தெரியவந்தது. பீட்டா நாப்தைலமின் கலந்த ஒரு சேர்மானம் அங்கே 1949இல் கைவிடப்பட்டது. ஆர். ஏ. எம். கேஸ் குழுவினர் 1954இல் இந்தத் தொடர்பைப் பதிவு செய்தனர். ரப்பர் பொருள் உற்பத்தித் தொழிலைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. இந்த ஆபத்து ஆலையில் சேர்த்த ரசாயனத்தால் வந்தது; மரத்தில் வடியும் பாலால் வந்ததன்று. பால் வெட்டியவர் அஞ்ச வேண்டிய பொருள் அவர் பையிலிருந்த சிகரெட். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம்.

சிவந்த சிறுநீரெல்லாம் புற்றாகாது என்று மறுப்பு வரும். சரிதான். தொற்று, கல், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், சிறுநீரகக் காசநோய் எனக் காரணம் பல. பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் காசநோய் மாத்திரை ரிபாம்பிசினும்கூட நிறம் மாற்றும். ஆனால் கண்ணுக்குத் தெரிய ரத்தம் போன வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்து முதல் இருபது விழுக்காட்டினருக்குப் புற்று இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல் 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குத் தொற்றின்றி ரத்தம் போனால் அவசரமாக அனுப்பச் சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானாலும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கண்டுபிடிக்கும்போது நால்வரில் ஏறத்தாழ மூவருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிராது. சிறுநீர்வழியே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சிறுநீர்ப்பையையே எடுக்க நேரிடும்.

ஆகவே, சோதனைத் தாளில் இன்று ரத்தம் தெரியவில்லை என்பது போன வாரம் கண்ட ரத்தத்தை ரத்து செய்யாது. ரத்தம் கண்ட தேதி, நிறம், உறைந்த கட்டியாக வந்ததா, வலி இருந்ததா என்பவற்றை நோயாளியின் கையிலேயே தங்கும் ஓர் அட்டையில் முதலில் பார்க்கும் கிளினிக் எழுதித் தர வேண்டும். தொற்றென்று மருந்து கொடுத்தால், மருந்து முடிந்தபின் இன்னொரு முறை சிறுநீரை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனை மரத்துப்போகும் பசை தடவிச் சில நிமிடங்களில் முடிவது என்பதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். அந்தச் சோதனையின் பெயரைக் கேட்டே வராமல் போகிறவர்கள் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். பாலிங்கின் உட்புறத்திலிருந்து சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ போய்வரும் செலவும், அன்று போகும் கூலியும் அதைவிடப் பல மடங்கு.

இன்று கெடாவின் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஒரு ரிங்கிட் கட்டணம் அவர்களுக்கு இல்லை. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான உயர்ந்த கட்டணத்தைக் கட்ட வேண்டும். ரத்தம் நின்றுவிட்ட நாளில் அந்தப் பணத்தைக் கட்டி யாரும் வரிசையில் நிற்கப்போவதில்லை. முதல் சிறுநீர்ச் சோதனையையும் அதைத் தொடரும் ஸ்கேனையும் தோட்ட முதலாளியின் சட்டப் பொறுப்பில் சேர்க்காதவரை, நம் தாத்தாக்கள் சிக்கிய அதே இடைவெளியில் இவர்களும் சிக்குவார்கள்.