வெயில் தாழும் வரை

கத்திரி ஆரம்பித்துவிட்டது. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் இந்த அக்னி நட்சத்திர நாட்களில், சென்னையில் பகல் 11 மணிக்கு மேல் தெருவில் தலைகாட்ட முடியாது. 2003-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது பலருக்கு நினைவிருக்கும். நம் ஊரில் வெயிலின் போக்கைத் தீர்மானிப்பது கடல் காற்று. அது மதியம் 1 மணிக்குள் வந்துவிட்டால் மயிலாப்பூரும் அடையாறும் பிழைத்தன. கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் தி. நகருக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல் காற்று தாமதமாகும். அன்றைக்குத்தான் சூடு உச்சத்துக்குப் போகும்.

ஆக, 11-லிருந்து 4 வரை ஐந்து மணி நேரம். பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே போகவும் கூடாது. இந்த ஐந்து மணி நேரத்தை இந்த ஊர் எப்படிக் கழித்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய விளையாட்டுகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கே உட்கார்ந்து விளையாடினார்கள், அந்த இடத்துக்குள் யார் யார் நுழைய முடிந்தது என்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்கள் கண்ட வழி, ஊரை விட்டே போவது. மதராஸ் கவர்னரும் அவருடைய பரிவாரமும் கோடை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்தே ராஜாங்கம் நடந்தது. போக முடியாதவர்களுக்காகப் பனிக்கட்டி வந்தது. அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி, 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் கடலில் மிதந்து வந்த பிறகும் விற்கும் அளவுக்குக் கட்டி மிஞ்சியது. சென்னையில் அதைச் சேமித்து வைக்க 1842-இல் கடற்கரை ஓரமாகக் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் காலம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்து, 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கியதெல்லாம் தெரிந்த கதை. குளிர்ச்சி என்பது காசு கொடுத்து வாங்கும் சரக்காக இந்த ஊருக்குள் நுழைந்த வாசல் அது. வாங்க முடிந்தவர்கள் மிகச் சிலர்.

மற்றவர்களுக்கு வீடுதான். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரிசையாக இருக்கும். சுவர் கனம், மேலே ஓடு, முற்றம் வழியாகச் சூடு மேலே ஏறிப் போய்விடும். வசதி உள்ள வீடுகளில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். நாங்கள் இருந்த வீட்டில் தட்டி எல்லாம் கிடையாது. சிவப்புச் சிமெண்ட் போட்ட கூடத்துத் தரையே எங்களுக்குக் குளிர்சாதனம். துண்டை நனைத்துத் தரையைத் துடைத்துவிட்டு அப்படியே படுத்துவிடுவோம்.

அந்தத் தரையில்தான் தாயக்கட்டம். சாக்பீஸால் கோடு போட்டால் அத்தை திட்டுவாள், ஆனால் அழிக்க மாட்டாள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போய்ப் பழமாக முடியும். காயே இறங்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த துரதிர்ஷ்டசாலிகள் எல்லா வீட்டிலும் உண்டு. பல்லாங்குழி பாட்டியின் ராஜ்யம். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை அல்லது சோழி. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். கல்யாணச் சீரோடு வந்த மரப் பலகை அது. எங்கே ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று காயைத் தொடாமலே பாட்டி கணக்குப் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கே போகாத அந்தப் பாட்டியின் மனக்கணக்கு, பி.காம். படித்து வங்கியில் முப்பது வருஷம் பேரேடு பார்த்த எனக்கு வராது. பையன்கள் பக்கம் கேரம் போர்டு. தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும். யார் வீட்டில் போர்டு இருக்கிறதோ அந்த வீட்டில்தான் தெருப் பையன்கள் எல்லோரும். போரிக் பவுடர் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம்.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே போய் உட்காருவதற்கு முதலில் ஓர் ‘உள்ளே’ வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் குடிசைகளில் இருந்தவர்களுக்குக் கூடமும் முற்றமும் ஏது? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவின் பையன் எங்களோடு கோலி விளையாடுவான், அது தெருவில். மத்தியானம் நாங்கள் உள்ளே போனதும் அவன் கோயில் குளத்துப் படிக்கட்டு நிழலுக்குப் போய்விடுவான். அவனை உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. பழைய வீட்டின் குளிர்ச்சியை நினைத்து உருகும்போது, அது எத்தனை பேருக்கு எட்டியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வெளியே திறந்த முதல் கதவு வாசகசாலை. 1901-இல் காலமான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் நினைவாக, வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் லஸ் பக்கம் எழுந்தது ரானடே நூலகம். எழும்பூரில் அதற்கு முன்பே, 1896-இல், கன்னிமாரா வந்துவிட்டது. பிறகு 1948-இல் சென்னை பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுதான். பின்னால் இருந்து தள்ளியவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். மந்திரியாக இருந்து நிறைவேற்றியவர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை வசூலித்து, அதில் ஊருக்கு ஊர் நூலகம் நடத்துவது என்பது சட்டத்தின் ஏற்பாடு. இன்றைக்கும் நாம் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து தினசரியைப் புரட்ட யாரும் காசு கேட்கவில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்கவில்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, லெண்டிங் லைப்ரரி. லாயிட்ஸ் ரோடில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி போலப் பெரியவையும் உண்டு, ஒரு மளிகைக்கடை அகலத்தில் தெருமுனையில் இருந்த சின்னவையும் உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை, வாராவாரம் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் மயிலாப்பூரில் எத்தனையோ. எங்கள் கூடத்தில் சித்தி மூன்றாம் பாகம் படிப்பாள், அண்ணா இரண்டாம் பாகத்தில் இருப்பான், நான் முதல் பாகத்தோடு முன்னவர்கள் முடிக்கக் காத்திருப்பேன். ஒரே புத்தகத்தை மூன்று பேர் ஒரே நேரத்தில் படித்த கோடை அது. வெளியே போய் வர அவ்வளவாக அனுமதி இல்லாத வீட்டுப் பெண்களுக்கு இந்தப் புத்தகங்களும் இலங்கை வானொலியும்தான் ஜன்னல்.

அடுத்தது சினிமாக் கொட்டகை. அந்த நாளில் விளம்பரத்தில் படத்தின் பெயருக்குச் சமமாக ‘குளிர்சாதன வசதி செய்யப்பட்டது’ என்று போடுவார்கள். 1964-இல் மவுண்ட் ரோடில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள் வந்தன. இந்தியாவில் இப்படி வந்ததில் இதுதான் முதல் என்று சொல்வார்கள். இதில் புளூ டயமண்டின் பெருமை தனி. காலையிலிருந்து இரவு வரை படம் நிற்காமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். பாதியில் போய் உட்கார்ந்து, முடிவைப் பார்த்துவிட்டு, பிறகு ஆரம்பத்தைப் பார்ப்போம். ஒரே டிக்கெட்டில் அதே படத்தை மறுபடி பார்த்தாலும் எழுப்ப மாட்டார்கள். வெயிலில் அலைந்த மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளும், வேலை தேடி வந்த பட்டதாரிகளும், கல்லூரிக்கு மட்டம் போட்டவர்களும் அங்கே நிம்மதியாகத் தூங்கினார்கள். படம் இங்கிலீஷ் என்பது ஒரு பொருட்டே இல்லை. தொண்ணூறுகளில் அந்த வளாகம் மூடப்பட்டது. அங்கே என்ன படம் பார்த்தோம் என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது, குளிர் நினைவிருக்கும்.

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அமெரிக்காவும் ரஷ்யாவும் பனிப்போர் நடத்திக்கொண்டிருந்த வருஷங்களில், அந்தப் போரின் பனியில் கொஞ்சம் நமக்கும் கிடைத்தது. ஜெமினி பக்கம் அமெரிக்கர்களின் நூலகம். ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா ரோடில் சோவியத் கலாசார மையம். நம் மனசைப் பிடிக்க இரண்டு வல்லரசுகளும் போட்டி போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்தன. புத்தகம், கண்காட்சி, சினிமா, எல்லாம் உண்டு. நாங்கள் இரண்டு பக்கமும் போனோம், இரண்டு பக்கமும் சேரவில்லை.

அந்த சோவியத் மையத்தில் 1972-இல் மிகையீல் டால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. டால், லாட்வியாவின் ரீகா நகரத்துக்காரர், 1960-இல் உலக சாம்பியன் ஆனவர். கிளப்பைத் தொடங்க முன்னின்றவர் மானுவேல் ஆரோன். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர், ஒன்பது தடவை தேசிய சாம்பியன். 1972 என்பது ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதி, உலகமே செஸ் பேசிய வருஷம். ரஷ்யாவிலிருந்து வந்த செஸ் புத்தகங்களும் பத்திரிகைகளும் இந்த ஊரில் ஓரிடத்தில் கிடைத்தன என்றால் அது அங்கேதான். மின்னல் ஆட்டத்தில் அங்கே ஒரு பழக்கம்: ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வயசு, உத்தியோகம், சாதி எதுவும் அந்த வரிசையில் முன்னே கொண்டுவிடாது.

அந்த வரிசையில் அம்மா கூட்டி வந்த ஒரு சிறுவன் நின்றான். விஸ்வநாதன் ஆனந்த். ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்றவன். நாற்காலியை விட்டு எழுந்திருக்க விரும்பாத பையன் மளமளவென்று ஆடத்தான் செய்வான். 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பிறகு ஐந்து முறை உலக சாம்பியன். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் அந்த வரிசையின் நீட்சிதான் என்பேன். வெயிலால் செஸ் வளர்ந்தது என்று சொல்ல வரவில்லை. வெயிலுக்கு ஊரெல்லாம் உள்ளே அடைந்து கிடந்தாலும் வேறெங்கும் ஆனந்த் வரவில்லையே. திறந்த ஒரு கதவு, உள்ளே ஒரு மேஜை, சொல்லித்தர ஓர் ஆரோன், காத்திருக்க ஒரு வரிசை, இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

இப்போது என்ன? மாட வீதி ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கடைசி மாடி, மத்தியானம் அடுப்பு மாதிரி. வீட்டுக்கு இரண்டு ஏ.ஸி., ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு போன். அந்த இயந்திரம் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துத் தெருவில்தான் கொட்டுகிறது. தெருவில் இருப்பவர் அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும். 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரி பீனிக்ஸ் என்று மால்கள் வந்தன. நுழைவுக் கட்டணம் இல்லை, நல்ல குளிர். ஆனால் ஒன்றும் வாங்காமல் எத்தனை மணி நேரம் உட்கார முடியும்? சுமாரான உடையில் வருகிறவர், வாசல் காவலாளியின் பார்வையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

கதவுகள் எல்லாமே மூடிவிட்டன என்று புலம்பவும் மாட்டேன். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளம், குளிர்சாதனம், குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து நாள் பூராவும் உட்காரலாம். பக்கத்திலேயே 1988 முதல் பிர்லா கோளரங்கம், பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்க. அடையாறு, மயிலாப்பூர் தாத்தா பாட்டிகள் பேரன் பேத்தியோடு ஒரு நாள் இரண்டுக்கும் போய் வரலாம்.

ஆனால் கோட்டூர்புரத்துக்குப் பஸ் பிடித்துப் போக முடியாதவர்களுக்கு வேண்டியது நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை. அதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். கிளை நூலகங்கள் வார்டுக்கு வார்டு இருக்கின்றன. கத்திரி நாட்களில் பகல் 12 முதல் 4 வரை அவை கண்டிப்பாகத் திறந்திருக்கட்டும். ஒரு பானைத் தண்ணீர், ஓடுகிற மின்விசிறிகள், நாலு செஸ் போர்டு, இரண்டு கேரம் போர்டு, ஒரு பல்லாங்குழி போதும். சொல்லித்தர என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் சும்மா இருக்கிறோம். அடுத்த முறை சொத்து வரி ரசீது வந்தால் அதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் தெருக் கிளை நூலகம் மத்தியானத்தில் திறந்திருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போனால் தெரியாது, 2 மணிக்குப் போக வேண்டும்.